எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’

1

இங்கிலாந்துக்குக் குடிபோய் இந்த மே மாதத்தோடு இருபத்தைந்து வருடங்கள் முடிகின்றன. வெள்ளிவிழாவை அந்த நாட்டோடு கொண்டாடாமல், மேடவாக்கத்தில் அக்கா வீட்டு நான்காவது மாடியில் தண்ணி லாரியின் ஹாரன் சத்தத்தோடு கொண்டாடிக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு முட்டி மாற்று அறுவை நடந்திருக்கிறது. கூடமாட இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள். ஒரு மாத விடுப்பில் வந்தேன். பெட்டியில் மேலே அவளுக்கு ஊன்றுகோல், நடுவில் சாக்லேட், அடியில் நான் படிக்க வேண்டிய புத்தகங்கள்.

அக்கா ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். அட்டையில் இறக்கையின் குறுக்குவெட்டுப் படம்.

“என்னடா இது? மீன் துண்டா?”

“விமானத்து இறக்கை. நான் பைலட்டுக்குப் படிக்கிறேன்.”

அவள் கட்டுப்போட்ட காலை நீட்டியபடி என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். ஐம்பத்து மூன்று வயது, தொப்பை, தூரப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, கிட்டப் பார்வைக்கு ஒன்று.

“உன்னால அம்பத்தொண்ணாம் நம்பர் பஸ்ல ஜன்னல் சீட்டே பிடிக்க முடியாதேடா” என்றாள்.

விளக்கினேன். இது வேலைக்கான உரிமம் இல்லை. சொந்த ஆசைக்குச் சின்ன விமானம் ஓட்டிக்கொள்வதற்கானது. ஓர் என்ஜின், நாலு சீட். பறக்கக் கற்றுக்கொள்வது ஒரு பக்கம். அதோடு ஒன்பது தாள் எழுத்துத் தேர்வு. ஆறு முடித்துவிட்டேன். மிச்சம் மூன்று: என்ஜின், வானிலை, கடைசியாக விமானியின் உடம்பும் மூளையும் பற்றிய தாள். அந்தக் கடைசித் தாள்தான் இருப்பதிலேயே சுலபம் என்று நான் பறக்கக் கற்கும் கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். உடம்பைப் பற்றித் தெரியாதா என்ன, ஐம்பத்து மூன்று வருடமாக அதில்தானே குடியிருக்கிறோம் என்று நானும் அதை ஒதுக்கி வைத்திருந்தேன்.

விமானம் எனக்குப் புதிதில்லை. சேலையூரில் வளர்ந்தவன். தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்கள் காலையிலேயே எங்கள் மொட்டை மாடிக்கு மேலே வட்டமடிக்கத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் மாதிரி அதுவும் ஒன்று. ஆனால் பயிற்சிக்காக மேலே என்ஜினைக் குறைப்பார்கள். சத்தம் சட்டென்று நிற்கும். அப்போது தெருவே நிமிரும். காய் நறுக்குகிறவர்கள் கத்தியோடு வெளியே வருவார்கள். சத்தம் திரும்பி வந்ததும் உள்ளே போய்விடுவார்கள்.

ஒரு சத்தம் நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் இருந்தது என்று தெரியும். இந்த ஒரு மாதமாக எனக்கு அந்த நினைப்பு அடிக்கடி வருகிறது. காரணம் பின்னால் வரும்.

2

ஐம்பதைத் தாண்டியவன் எதற்காகப் பறக்கப் போனேன் என்றால், மகள் நிலாவுக்காக.

நாங்கள் இருக்கும் லெஸ்டர் நகரில் பிறந்தவள். இருபத்திரண்டு வயது. பக்கத்து ஊர்க் கல்லூரி இருக்க, தேடிப் பிடித்து ஸ்காட்லாந்தில் சேர்ந்தாள். அவள் தமிழில் எதிர்காலமெல்லாம் ஒரே உருவம்தான். ‘நான் வரும்’, ‘நான் சாப்பிடும்’. முதல் வருடம் ஞாயிறுதோறும் பேசினாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு நான் அனுப்பும் காலை வணக்கப் படங்களுக்கு ஒரு கட்டைவிரல். சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். இது கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்கிற மாதிரி. எந்த நிமிடத்தில் கிளம்பியது என்று சொல்ல முடியாது.

என் ஐம்பத்தொன்றாவது பிறந்தநாளுக்கு அலுவலகத்தில் ஒரு பரிசுச் சீட்டு கொடுத்தார்கள். பக்கத்து விமானத் திடலில் அரை மணி நேரம் பறக்கலாம். போய்விட்டு வந்து நிலாவுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் வரவில்லை. போனே வந்தது.

“அப்பா, நீயா ஓட்டினே? ரியலா?”

“கொஞ்ச தூரம் என் கையில் கொடுத்தார்.”

“நீ லைசென்ஸ் வாங்கு. என்னை கடல் பாக்க கூட்டிட்டுப் போ. நான் வரும்.”

அடுத்த வாரம் சேர்ந்துவிட்டேன். இரண்டு வருடமாக, ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் அவள் போன் செய்வாள். இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய், எவ்வளவு உயரம், பயந்தாயா. வேறு எதைப் பற்றியும் நாங்கள் பேசுவதில்லை. எனக்கு அது போதும். இந்த ஜூன் கடைசியில் அவள் விடுமுறைக்கு வருகிறாள். அதற்கு முன் தேர்வு, அப்புறம் ஓட்டிக் காட்டும் சோதனை, பிறகு அவளை வலது பக்க சீட்டில் உட்கார வைத்து நார்ஃபோக் கடற்கரைக்கு ஒரு சுற்று. இதுதான் ஒப்பந்தம்.

என் பயிற்சியாளர் பெயர் கிரஹாம். பொறுமைசாலி. என்னிடம் அவர் கண்ட பெரிய குறை, நான் ரேடியோவுக்குத் தலையாட்டுவது. கீழேயிருந்து கூப்பிட்டு ஏதாவது சொன்னால் நம் ஊர்ப் பழக்கத்தில் பக்கவாட்டில் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, பதில் சொன்ன திருப்தியோடு பறந்துகொண்டிருப்பேன். கீழே இருப்பவருக்கு என் தலை எப்படித் தெரியும்? இதை நிறுத்த ஆறு பாடம் ஆனது.

போன செப்டம்பரில் முதன்முதலாகத் தனியாகப் பறந்தேன். ஒரே ஒரு சுற்று. மேலே ஏறி, ஓடுபாதைக்கு இணையாகப் போய், திரும்பி இறங்க வேண்டும். இறங்கி வந்ததும் கிரஹாம் கையைக் குலுக்கினார். பிறகு கேட்டார், இணையாகப் போகும்போது கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்களே, ஏன் பதிலே இல்லை, மறுபடியும் தலையாட்டினாயா?

“ஆமாம், கொஞ்சம் பலமாகவே ஆட்டினேன்” என்றேன். கிளப்பே சிரித்தது. அந்தச் சிரிப்போடு எடுத்த படம் அங்கே சுவரில் தொங்குகிறது.

அதே வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் வீட்டில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் அடுப்புக்கு எதிரேயே நின்றிருந்தேனாம். நிலா ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டு, “அப்பா, நீ பாத்துட்டே நின்னே” என்றாள். “பால் பொங்கினா வீட்டுக்கு நல்லதும்மா, அதான் விட்டேன்” என்றேன். அவளும் சிரித்தாள். ஆனால் கொஞ்சம் தாமதமாக.

3

இந்த இடத்தில் பாரம், அதாவது படிவம், நிரப்புவது பற்றிச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையே அதில்தான் ஓடுகிறது.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் என் விசா பாரத்தை நிரப்பிக் கொடுத்தவர், தாம்பரம் மேற்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஏழுமலை அண்ணா. நான் நோய்கள் பற்றிய பக்கத்தைப் படித்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

“இன்னா சார் யோசன? எல்லாத்துக்கும் ‘நோ’ போடு. ஒண்ணுத்துக்கு ‘எஸ்’ போட்டேன்னு வையி, அதுக்கு ஒரு பேப்பர் கேப்பான். அந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து கேப்பான். கையெழுத்து போடற ஆபீசர் லீவுல இருப்பாரு. ‘நோ’ போட்டா யாரும் ஒண்ணியும் கேக்கமாட்டான்.”

ஞானம் என்றால் இதுதான். அவர் வரிசையாக ‘இல்லை’ போட்டுக்கொண்டே போனார், கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. அன்றிலிருந்து வீட்டுக் கடன், கார் ஓட்டும் உரிமம், காப்பீடு, குடியுரிமை எல்லாவற்றிலும் நானும் அப்படியே. கேள்வியைப் படிப்பதுகூட இல்லை. வலது பக்கக் கட்டங்களில் மேலிருந்து கீழே ஒரே ஓட்டம். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வந்ததில்லை. ‘சௌக்கியமா’ என்று யாராவது கேட்டால் ‘சௌக்கியம்’ என்கிறோமே, அது போலத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அங்கே என் வேலை நகர மன்ற அலுவலகத்தில் மற்றவர்களின் பாரங்களைச் சரிபார்ப்பது. எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று இருந்தால் தனியே எடுத்து வை, அதை நிரப்பியவர் கேள்வியைப் படிக்கவில்லை என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன். மாதாமாதம் அதற்குச் சம்பளமும் வாங்குகிறேன்.

தனியாகப் பறப்பதற்கு முன்னால் விமானத் துறைக்கு ஓர் உடல்நல உறுதிமொழி கொடுக்க வேண்டும். என்னைப் போன்ற சின்ன விமானக்காரர்களுக்கு டாக்டர்கூட வேண்டாம். கணினியில் நாமே நம் உடம்புக்குச் சான்று கொடுத்துக்கொள்ளலாம். மாரடைப்பு, வலிப்பு, நினைவு தவறுதல் என்று பட்டியல் போட்டுக் கேட்டிருந்தார்கள். நான் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

4

இங்கே எனக்குத் தேர்வுப் பயிற்சி கொடுப்பவன் சாதிக். தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்சு. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரு சந்து உள்ளே பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்திருக்கிறான். அதற்கு முன் இருபது வருடம் டூ வீலர் மெக்கானிக். மத்தியானம் அக்கா தூங்கும் நேரத்தில் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவன் கடைக்குப் போய்விடுவேன். வியாபாரம் இல்லாத நேரம். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வினாத்தாளைக் கையில் எடுப்பான். அவன் உட்காருகிற தோரணையில் தேர்வு அதிகாரிகள் தோற்பார்கள்.

“கார்புரேட்டர்ல ஐஸ் கட்டிக்கிச்சு. இன்னா பண்ணுவ?” என்று ஒரு கேள்வியைப் படித்தவன் நிறுத்தினான். “இரு மச்சான். பிளேன்ல இன்னும் கார்புரேட்டர்தான் கீதா?”

“சின்ன பிளேன்ல இருக்கு.”

“நம்ம ஊரு ஸ்கூட்டர்லயே அத்த தூக்கிட்டான். நீ லண்டன்ல கார்புரேட்டர் வச்ச வண்டில மேல போய்கினு கீற. உன்ன நம்பி யார்ரா ஏறுவா?”

சாதிக்குக்கு இங்கிலாந்து முழுக்க லண்டன்தான். என்ஜின் தாளில் நான் தப்பு விட்ட கேள்விகளுக்கெல்லாம் அவன் சரியான விடை சொன்னான். பேட்டரி பற்றிய பகுதியில் புத்தகத்தையே திருத்தினான்.

பிறகு உடம்பு பற்றிய தாளுக்கு வந்தோம். உயரத்தில் மூளைக்குப் பிராணவாயு குறைந்தால் என்ன ஆகும் என்று ஒரு பகுதி. மூச்சு முட்டும், நெஞ்சு வலிக்கும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். இல்லையாம். முதல் அறிகுறியே சந்தோஷம்தானாம். காரணமில்லாத உற்சாகம், எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தைரியம், வேடிக்கைப் பேச்சு. ஆள் சிரித்துக்கொண்டே போய்ச் சேருவான்.

“அப்ப உனக்கு பொறந்ததுலேந்தே மேல காத்து போகல மச்சான்” என்றான் சாதிக்.

இரண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்கு ராத்திரி அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன். சிரிப்பு வரவில்லை. பக்கத்தின் அடியில் ஒரு வரி: பாதிக்கப்பட்டவரால் இதைத் தானாக உணர முடியாது.

5

அக்கா வீட்டு இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. வந்து பார்க்கிறேன் என்றான் சாதிக். மத்தியானம் இரண்டு மணி. நான் ஓட்டினேன், அவன் பின்னால், மடியில் கருவிப் பையோடு. தாம்பரம் தாண்டி வேளச்சேரி ரோட்டைப் பிடித்தோம்.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன். கேம்ப் ரோடு சந்திப்பு. தர்ப்பூசணி வண்டி, அதன் மேல் ஈரச் சாக்கு. எனக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி, பின்பக்கக் குழாயிலிருந்து ரோட்டில் கோடு போட்டபடி போனது. அந்த ஈரக் கோட்டின் மேலேயே ஓட்டிப்போனேன். ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடிக்கிற மாதிரி.

அடுத்த ஞாபகம், சாதிக்கின் இரண்டு கையும் என் கைகளின் மேல். பிரேக்கை அவன் பிடித்திருந்தான். ஸ்கூட்டர் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு நடுவே குறுக்காக நின்றிருந்தது. எங்களுக்குச் சிவப்பு. இடது பக்கம், என் முழங்காலிலிருந்து ஒரு முழத்தில், வேறொரு தண்ணி லாரியின் பம்பர். அதில் யாரோ எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருந்தார்கள். எலுமிச்சையில் காய்ந்த பகுதி எது, பச்சை எது என்றுகூடப் பார்த்தேன். அவ்வளவு பக்கம்.

லாரி டிரைவர் எட்டிப்பார்த்தார். “யோவ் பெருசு, வூட்ல சொல்லிகினு வந்தியா?”

நடுவில் ஒன்றும் இல்லை. தூங்கி விழித்த மாதிரிகூட இல்லை. தூங்கினால் தூங்கினோம் என்று தெரியும். இது துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு, தையல் தெரியாமல் ஒட்டிய மாதிரி. கேம்ப் ரோட்டுக்கு அடுத்து லாரி பம்பர்.

ஓரமாகத் தள்ளிப்போனோம். ஜூஸ் கடைக்காரர் உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். “வெயில் சார், இந்த அக்னி நட்சத்திரத்துல நேத்துகூட ஒருத்தர் இங்கியே சாஞ்சிட்டார்” என்றார். நானும் வெயில்தான் என்றேன். கூடியிருந்த நாலு பேரும் வெயில்தான் என்றார்கள். இவ்வளவு பேர் ஒத்துப்போன பிறகு வெயிலுக்கு வேறு வழியில்லை.

“சாவிய குடு” என்றான் சாதிக்.

நான் பின்னால் ஏறிக்கொண்டு, “பயப்படாதே, ஆட்டோபைலட்ல போட்டிருந்தேன்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. மேடவாக்கம் வரும்வரை அவனே ஓட்டினான். இன்வெர்ட்டரைச் சரிசெய்து, அக்கா கொடுத்த காப்பியைக் குடித்து, பஸ்ஸில் திரும்பிப் போனான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் போய்விட்டான் என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

6

இரண்டு நாள் கழித்து, நான் பஸ்ஸில் அவன் கடைக்குப் போனேன். சாவி பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வினாத்தாளை எடுத்தான்.

ஒரு கேள்வி வந்தது. ஓர் ஆங்கிலப் பத்தி. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அவனே தமிழில் சொன்னான்.

“ரெண்டு பேரு ஓட்டிகினு போறாங்கோ. ஒருத்தன்கிட்ட இன்னொருத்தன் ரெண்டு தபா கேக்குறான். ரெண்டு தபாவும் சரியா பதில் வரல. ஆனா அவன் கண்ணு தொறந்துதான் கீது, கையும் ஸ்டீரிங்க புடிச்சுகினுதான் கீது. இப்ப இன்னா பண்ணணும்?”

“அவன் செயலிழந்துட்டான்னு எடுத்துக்கிட்டு கண்ட்ரோலை வாங்கிக்கணும்” என்றேன். சரியான விடை. மதிப்பெண் வாங்கும் விடை.

சாதிக் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. தாளைப் பேட்டரி மேல் வைத்தான்.

“மச்சான், அன்னிக்கு உன்ன எத்தினி தபா கூப்ட்டேன் தெரியுமா?”

“எப்போ?”

“மூணு தபா. கேம்ப் ரோடு தாண்டினதும் அந்த புது பேட்டரி கடைய பாருன்னேன். நீ பேசல. சரி, பிளேன் நெனப்புல கீறான்னு வுட்டேன். அப்றம் முதுவுல தட்னேன். அப்றம் சிக்னல் செவப்பு விழுந்துச்சு, கத்தினேன். கண்ணாடில உன் மூஞ்சி தெரிஞ்சுது. கண்ணு தொறந்து நேரா பாத்துகினு கீற. வண்டி ஆடல. ஸ்பீடு ஏறல, எறங்கல. ஸ்டெடியா போவுது. அதான்டா எனக்கு பயமாயிடுச்சு. நீ வெயில்ல மயக்கம் போட்டிருந்தா வண்டி சாஞ்சிருக்கும்.”

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“நீதான் ஜோக் அடிச்சியே” என்றான்.

கடையில் எங்கோ ஓர் இன்வெர்ட்டர் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன், சின்ன வயதில் எனக்கு மயக்கம் ஏதாவது வந்திருக்கிறதா என்று. அவள் கால் பயிற்சி செய்துகொண்டிருந்தாள், நிறுத்தாமல் சொன்னாள்.

“மயக்கமெல்லாம் இல்ல. நாலாவது அஞ்சாவது படிக்கும்போது அப்படியே நின்னுடுவே. தட்டு கையில இருக்கும், சோறு வாய்க்குப் போகாது. கொஞ்ச நேரத்துல தானா சாப்பிடுவே. பிள்ளை யோசிக்கிறான்னு அம்மா பெருமையா சொல்லுவாங்க. அப்புறம் அது போயிடுச்சு. நீயும் யோசிக்கிறத விட்டுட்டே.”

தன் கிண்டலுக்குத் தானே சிரித்தவள், நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். “ஏன்டா? நீ என்னைப் பாத்துக்க வந்தியா, நான் உன்னைப் பாத்துக்கணுமா?”

அன்று மாலை பால்கனியில் உட்கார்ந்து செப்டம்பர் மாதத்துச் சுற்றை நினைவுபடுத்திப் பார்த்தேன். ஏறியது ஞாபகம் இருக்கிறது. வலது பக்கம் காலி சீட், அதில் கட்டியிருந்த பெல்ட், கீழே மாட்டுப் பண்ணை. ஓடுபாதைக்கு இணையாகத் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து இறங்குவதற்கான திருப்பம். இரண்டுக்கும் நடுவே நான் தலையாட்டியதாக எட்டு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அந்தத் தலையாட்டல் என் ஞாபகத்தில் இல்லை. அது கிரஹாம் கொடுத்தது; நான் வாங்கிக்கொண்டேன். ரேடியோ கூப்பிட்டதும் என் ஞாபகத்தில் இல்லை.

நல்ல விமானம். சரியாகச் சமன்செய்து வைத்துவிட்டால், யாரும் ஓட்டாவிட்டாலும் ஆடாமல் நேராகப் போகும். அதைப் புத்தகம் ஒரு சிறப்பாகச் சொல்கிறது.

7

நிலாவை நானே கூப்பிட்டேன். இரண்டு வருடத்தில் அது முதல் முறை; வழக்கமாக அவள்தான் கூப்பிடுவாள்.

“அப்பா, ஸ்டடி எப்படி? எனக்கு விண்ட் பயமா இருக்கும்னு ஜாக்கெட் வாங்கிட்டேன். யெல்லோ.”

மஞ்சள் ஜாக்கெட்டுக்கு நான் ஒரு நகைச்சுவை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு ஸ்கூட்டரைப் பற்றிச் சொன்னேன். கேம்ப் ரோடு, லாரி, சாதிக் கூப்பிட்டது எல்லாவற்றையும்.

“பால்” என்றாள் கடைசியில்.

“ஆமாம்மா. அதுவும்தான்னு நினைக்கிறேன்.”

“நான் அன்னைக்கு உன் முன்னாடி கை ஆட்டினேன் அப்பா. உன் கண்ணுக்கு முன்னாடி. நீ பாக்கல. அப்புறம் நீ ஏதோ ஃபன்னியா சொன்னே, நான் சரின்னு விட்டுட்டேன்.”

ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு கடல்காக்கை கத்துவது கேட்டது. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“சோலோ போனியே. அன்னைக்கு?”

“தெரியாது” என்றேன். “ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம். எனக்குக் கேட்கல.”

நானே தொடர்ந்தேன்.

“நாம கடலுக்குப் போக முடியாதும்மா. இந்த ஜூன்ல இல்ல. அப்புறமும் எப்போன்னு எனக்குத் தெரியல.” இந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது, அவள் என்னோடு பேசுவதற்கு இருந்த ஒரே காரணத்தை என் கையாலேயே அணைத்துவிட்டதாகத் தோன்றியது. சத்தம் நின்ற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், பழக்கதோஷம். மேலே ஒன்றும் இல்லை.

“டாக்டர்கிட்ட எப்போ போவே?”

“திரும்பி வந்ததும்.”

“டேட் சொல்லு. நான் வரும்” என்றாள். வருவாளா என்று தெரியவில்லை. ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பாளா என்றும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு அக்காவின் கணினியில் அந்த உறுதிமொழிப் பக்கத்தைத் திறந்தேன். திருத்துவதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். இதுவரை என் கண்ணில் படாதது. கட்டங்கள் வந்தன. வலது பக்கம் முழுக்க மேலிருந்து கீழே என் ‘இல்லை’கள், ஒரே நேர்கோட்டில். என் மேஜைக்கு இப்படி ஒரு பாரம் வந்திருந்தால் முதல் பார்வையிலேயே தனியே எடுத்து வைத்திருப்பேன்.

நினைவு தவறுதல் என்ற வரியில் ‘ஆம்’ போட்டேன். இருபத்தைந்து வருடத்தில் முதல் ‘ஆம்’. ஏழுமலை அண்ணா சொன்னது அட்சரம் பிசகவில்லை. உடனே கீழே ஓர் இணைப்பு விரிந்தது. உன் உறுதிமொழி இத்துடன் நிறுத்தி வைக்கப்படுகிறது, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை விமானியாகப் பறக்கக் கூடாது என்று சிவப்பில் ஒரு வரி. எழுத்துத் தேர்வுக்கு மட்டும் உடம்பு தேவையில்லை போலிருக்கிறது. படித்ததை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லை.

அதன் கீழே, எத்தனை முறை என்று கேட்டிருந்தது. ‘தெரிந்தவரை மூன்று’ என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்டது. அதை நான் எப்படிச் சொல்வது? நான் அங்கே இல்லையே. அதைப் புரிந்துகொண்டது போல அடுத்த கட்டம்: சம்பவத்தின்போது உடனிருந்து பார்த்தவர் பெயர்.

முதலாவது, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். உடனிருந்தவர்: சாதிக், நண்பர்.

இரண்டாவது, வீட்டுச் சமையலறை. உடனிருந்தவர்: நிலா, மகள்.

மூன்றாவது, விமானம், ஆயிரம் அடி உயரம். உடனிருந்தவர் என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடவில்லை.

‘இல்லை’ என்று போட்டேன்.